படமாக வைத்த பக்கங்கள்

எந்தக் கோப்பு வடிவம் நல்லது என்று என்னிடம் கேட்டுவிடாதீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில் இருக்கிற யாராவது அதைத்தான் கேட்கிறார்கள். பிடிஎஃப்பா, எச்டிஎம்எல்லா, எக்ஸ்எம்எல்லா, எது மேடம் பெஸ்ட்? சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது மாதிரி. அதற்கெல்லாம் இன்றைக்குக் கையேடு வந்துவிட்டது, வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். ஆய்விதழை மின்வடிவில் கொண்டுவருவதற்கு முன்னால் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுப்போம் இல்லையா, நான் அந்த அறையைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். தன் காரணத்தைச் சொல்ல முடியாமல் அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றி.

அவள் பெயர் ஷாகிரா. ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளர்களின் உடல்நலம், ஷூ கம்பெனிப் பெண்களின் வேலை நிலைமை, பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர் என்று ஆராய்ந்த ஒரு சின்ன மையம் இருந்தது. அங்கிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தமிழ் ஆய்விதழ் வந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அதற்குப் பக்கம் வடிவமைக்கச் சேர்ந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். ஷாகிரா உள்ளூர்க்காரி, எனக்கு முன்பே அங்கே மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தாள். கையில் எப்போதும் ஒரு தோல் துண்டு வைத்திருப்பாள். அவள் அண்ணன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டு. அதை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பாள். "ஸ்கேல் வழுக்கும்பா, தோலு பேப்பரைப் புடிச்சிக்கும்" என்பாள். நானும் அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் வாய் சும்மா இருக்காது. "இன்னா எஸ்தரு, ஒரே வரி ரெண்டு தபா வந்துக்கீது? தூங்கிட்டே அடிச்சியா?" என்பாள். என் கோபம் உங்களுக்குத் தெரியும், அப்போது இன்னும் ஜாஸ்தி. "நீ என் மெஷின்ல உக்காந்து அடி பாக்கலாம்" என்று நானும் சண்டைக்குப் போவேன். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம்.

ஒருநாள் சாயங்காலம் நான் பஸ் பிடிக்கக் கிளம்பினேன், அவளும் கூட வந்தாள். குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிட்டது. தெரு நடுவே தோல் கட்டுகளோடு ஒரு கைவண்டி நின்றிருந்தது. ஊரே விலகிப் போகிறது, ஷாகிரா மட்டும் நேராகப் போய் அதில் மோதி விழுந்தாள். முழங்கையில் ரத்தம். "கண்ணை எங்க வெச்சிட்டு வர்ற?" என்று நான் கத்தினேன். அவள் திரும்பிக் கத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"எனக்கு இருட்டுனா தெரியாது எஸ்தரு. சின்ன வயசுலேர்ந்தே. இப்போ பகல்லயும் ஓரம் தெரியமாட்டேங்குது. நடுவுல மட்டும் பைப்பு வழியா பாக்கற மாதிரி தெரியுது. எங்க அம்மா, அத்தா ரெண்டு பேரும் சொந்தம், அதனால வந்ததுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. மருந்து கிடையாதாம். கொஞ்சம் கொஞ்சமா அந்த பைப்பும் அடைச்சிக்குமாம்."

அந்தத் தோல் துண்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அது இல்லாவிட்டால் அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது. மெய்ப்பு பாக்கறவளுக்கே கண்ணு போவுதுன்னு தெரிஞ்சா எவன் வேலைல வெச்சிப்பான்? சத்தியம் பண்ணு."

"எங்க வீட்ல சத்தியம் பண்ற பழக்கம் இல்ல. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்."

"அது போதும்" என்றாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. எங்கள் இதழில் டாக்டர்களும் பேராசிரியர்களும் எழுதிய கட்டுரைகளுக்கு நடுவே, தொழிலாளிப் பெண்கள் பேசியது அங்கங்கே சொன்னது சொன்னபடியே அச்சாகியிருக்கும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவள் பேசியிருப்பாள். நாளெல்லாம் நின்றுகொண்டு ஷூவுக்குப் பசை தடவுகிறவள் பேசியிருப்பாள். கட்டுரைக்காரர்களுக்கு அது வெறும் சான்று. ஷாகிராவுக்கு அப்படி இல்லை. எல்லா இதழ்களிலிருந்தும் அந்தப் பேச்சை மட்டும் எடுத்து ஒரே புத்தகமாகத் தொகுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "நம்ம ஊருப் பொம்பளைங்க இவ்ளோ பேசியிருக்காங்க, ஒருத்திக்கும் தெரியாது" என்பாள். கண் போவதற்குள் முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் இருக்கும் இங்கிலீஷை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்றை அங்கே யாரோ காட்டியிருக்கிறார்கள். "இங்கிலீஷுக்கு வந்தா தமிழுக்கு வராமலா போவும்? எழுத்து எழுத்தா இருந்தா போதும் எஸ்தரு, காதால படிச்சி நான் முடிச்சிடுவேன்." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகையே கிடையாது. நான்தான் அழுதேன்.

இரண்டாயிரம் பிறந்த சமயம், பழைய இதழ்களை எல்லாம் குறுந்தகட்டிலும் இணையத்திலும் போட வேண்டும் என்று மையம் முடிவெடுத்தது. அங்கேதான் வந்தது சிக்கல்.

உங்களுக்கு அந்தக் காலத்து எழுத்துரு விவகாரம் தெரியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தமிழ் எழுத்துரு. அது வேலை செய்ய, கணினியின் முதுகில் ஒரு சின்னப் பூட்டைச் செருக வேண்டும். அந்தக் கணினியில் திறந்தால் தமிழ். வேறு கணினியில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரு கூளம். எங்கள் ஆசிரியர் இதில் சூடுபட்டவர். தோல் நோய் மருத்துவர் அவர், நாங்கள் டாக்டர் என்றே கூப்பிடுவோம். ஒரு தடவை சென்னையில் பெரிய மேடை ஒன்றில் எங்கள் இதழைத் திரையில் காட்டப்போய், கூளம்தான் வந்தது. கீழே இருந்த யாரோ, "டாக்டர் கையெழுத்து மாதிரியே இருக்கு" என்று சொல்ல, அரங்கமே சிரித்திருக்கிறது. நல்ல மனுஷன், ஆனால் மானஸ்தன். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை.

கூட்டத்தில் நாங்கள் நாலே பேர். டாக்டர், மையத்தின் நிர்வாகி, நான், ஷாகிரா. இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, அச்சான பக்கங்களை ஸ்கேன் செய்து படமாகவே பிடிஎஃப்பில் வைப்பது. எந்தக் கணினியிலும் அச்சு அசலாகத் தெரியும், சீக்கிரமும் முடியும். இன்னொன்று, எல்லாவற்றையும் எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டுக்கு மாற்றி எழுத்தாகவே வைப்பது. அப்போது அது பார்க்க அவலட்சணமாக இருக்கும். பாதிக் கணினிகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். மாற்றியதை எல்லாம் மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும்.

"சிடி வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. வெளியூர்லேர்ந்து ஆள் வர்றாங்க" என்றார் நிர்வாகி.

"எழுத்தா வெக்கணும் சார், படமா வேணாம்" என்றாள் ஷாகிரா.

நானும் அவள் பக்கம் பேசினேன். தேடலாம், திருத்தலாம், நாளைக்கு வேறு வடிவத்துக்கு மாற்றலாம் என்று இன்று நீங்கள் பாடம் படிக்கிற எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"தேடறதுக்குப் பொருளடக்கம் இருக்கேம்மா. படமா இருந்தா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். ஷாகிரா, நீ ஏன் இவ்ளோ பிடிவாதமா இருக்க? உனக்கு இதுல இன்னா கஷ்டம்?"

ஷாகிரா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் இல்ல சார். தேடறதுக்கு வசதியா இருக்கும்னு சொன்னேன்."

டாக்டருக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். என்னிடம் திரும்பினார். "எஸ்தர், வேற ஏதாவது காரணம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லு. தேதியை வேணும்னா நான் தள்ளி வெக்கறேன்."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நிர்வாகி பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். மேஜைக்கு அடியில் ஷாகிராவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தாள். சொல்லாதே என்றுதான் அதற்கு அர்த்தம், வேறு எதுவும் இருக்க முடியாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றேன்.

படம் என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அவர் சொல்கிற காரணம் சப்பென்று இருக்கும், ஆனால் பிடியை மட்டும் விடமாட்டார். பேஜார் பிடித்த ஆள் என்று ஒதுக்கிவிட்டு ஓட்டெடுப்புக்குப் போய்விடாதீர்கள். டீ குடிக்க ஐந்து நிமிஷம் கலையுங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் சொல்ல முடியாததை ஒருத்தரிடம் சொல்லலாம். எங்கள் டாக்டர் தங்கமான மனுஷன், ஆனால் நாலு பேர் முன்னால்தான் கேட்டார்.

விழா ஜம்மென்று நடந்தது. பக்கங்கள் திரையில் கண்ணாடி மாதிரித் தெரிந்தன. டாக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஷாகிராவும் கை தட்டினாள்.

அதன் பிறகு அவளுக்குக் கண் வேகமாகப் போயிற்று. நான் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி அவளுக்குத் தனியாக மெய்ப்பு எடுத்துக் கொடுத்தேன். அதையும் ஒரு கட்டத்தில் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டாள். பிரிவு உபசாரத்தில் டாக்டர், "உன்னை மாதிரி கண்ணு யாருக்கும் வராதும்மா" என்று பேசினார். எனக்கு அங்கேயே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

சில வருஷம் போயிற்று. ஷாகிரா வெளியூரில் பார்வையற்றோர் பயிற்சி ஒன்றுக்குப் போய்க் கணினி கற்றுக்கொண்டு வந்தாள். தமிழைப் படிக்கிற மென்பொருளும் வந்துவிட்டது. அவள் சொன்னது மாதிரியே வந்துவிட்டது, பாருங்கள். ஒருநாள் ஆபீசுக்கு போன்.

"எஸ்தரு, நம்ம சிடியைப் போட்டேன்பா."

"இன்னா சொல்லுது?"

"கிராஃபிக்னு சொல்லுது, படம்னு அர்த்தமாம். அடுத்த பக்கம் தட்டினேன். கிராஃபிக். அதுக்கடுத்த பக்கம் போனேன், அதுவும் கிராஃபிக். சரி, வேற இதழ்ல இருக்குமான்னு ஒண்ணொண்ணா திறந்து பாத்துட்டேன்." சிரித்தாள். "அத்தினி பக்கத்தையும் நான் எழுத்தெண்ணிப் படிச்சேன். இந்த மெஷினுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியல, என் மாதிரியே."

சிரிப்பு நின்ற பிறகும் அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

அன்றைக்கே பழைய மூலக் கோப்புகளைத் தேடினேன். அவை இருந்த ஃபிளாப்பி நெகிழ்வட்டுகளில் பூஞ்சை பூத்திருந்தது. ஒன்றிரண்டு திறந்தன, ஆனால் அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் கூளம். பூட்டு செருகியிருந்த கணினியை நிர்வாகி எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டிருந்தார். படத்தைப் பார்த்துத் தமிழை எழுத்தாக மாற்றுகிற மென்பொருள்களும் அன்றைக்கு உருப்படியாக இல்லை. படத்தைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. மையத்தில் இதற்கு ஆள் போடச் சொல்லிக் கேட்டேன். "அதான் நெட்ல நல்லாத் தெரியுதே" என்றார் புதிதாக வந்த நிர்வாகி. அவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. சரி போ என்று நானே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தேன்.

நடுவில் டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். ஷாகிராவுக்கு இனி போக வேலை எதுவும் இல்லை என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சிருந்தா மெய்ப்புக்கு அன்னைக்கே வேற ஆள் பாத்திருப்பேன் எஸ்தர். பொய் சொல்ல மாட்டேன், இதழுக்கு அதான் நியாயம்" என்றார். பிறகு, "ஆனா எழுத்தாத்தான் வெச்சிருப்பேன்" என்றார்.

வரும் வழியெல்லாம் முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டு வந்தேன். பார், சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும், நீ காப்பாற்றினாய் என்று. இரண்டாவதாகச் சொன்னதைப் பக்கத்திலேயே அண்ட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து நேராக ஆம்பூருக்கு பஸ் ஏறினேன். ஷூ கம்பெனிப் பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அதுவரை தட்டியிருந்தேன். பெண்கள் பேசியது அதில்தான் அதிகம். ஷாகிரா வீட்டு வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் கணினி முன் உட்காரவைத்து, கோப்பைத் திறந்து கொடுத்தேன்.

மெஷின் படித்தது. தகரத்தில் கல்லைத் தேய்க்கிற குரல். முற்றுப்புள்ளியில் நிற்காது, கேள்வியைக் கேள்வியாகக் கேட்காது. ஷாகிரா அசையாமல் கேட்டாள். பசை வாடையில் சோறு இறங்காததை ஒருத்தி சொல்கிற இடம் வந்ததும் கையைத் தூக்கினாள்.

"நில்லு நில்லு. நடுவுல ஒரு வரியை முழுங்கிட்ட. சூப்பர்வைசர் வந்து பின்னால நின்னதைச் சொல்லுவா, அப்புறம்தான் சோறு வரும்."

மூலப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். "தூங்கிட்டே அடிச்சேன்" என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆகியிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"டாக்டர்கிட்ட என் சமாச்சாரத்தைச் சொன்னியா? இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

பாதியை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. அவர் சொன்ன இரண்டையும் சொன்னேன்.

ஷாகிரா கீபோர்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்குக் கூட்டத்துல உன் கையைப் புடிச்சேன், ஞாபகம் இருக்கா?"

"சொல்லாதன்னுதானே புடிச்ச?"

"எனக்கே தெரியல எஸ்தரு. சொல்லிடப்போறாளேன்னும் பயம். சொல்லாம வுட்டுடப்போறாளேன்னும் பயம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "நீ சொல்லியிருக்கணும்பா. வேலை எப்படியும் போச்சு. படிப்பாவது மிஞ்சியிருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், நீதானே சொல்லாதே என்றாய் என்று. குரலை உயர்த்தாமல், டீ ஆறிப்போச்சு என்கிற மாதிரிச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குச் சத்தம் இல்லையே, அவளுக்குத் தெரிந்திருக்காது.

"சரி வுடு" என்றாள். "அந்த சுண்ணாம்புக் குழிப் பொம்பள அடுத்த கட்டுரைலதானே பேசுவா? அதைப் போடு, கேப்போம்."

அடுத்த கட்டுரை இல்லை. நான் தட்டியிருந்தது அவ்வளவுதான்.